லைன்ல இருங்க

காலை வணக்கம் சொல்லியாகிவிட்டது. வானிலை சொல்லியாகிவிட்டது. முதல் விளக்கு இன்னும் எரியவில்லை.

போன் அக்கா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்குமா பொங்குமா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. அந்த வானொலி நிலையத்தில் வேலை நாள் காலைகளில் ஒரு பேச்சு நிகழ்ச்சி நடக்கும். அதற்கு வருகிற போன்களை எடுப்பது அவள் வேலை. யாராவது கூப்பிட்டால் அவள் முன்னால் இருக்கும் பெட்டியில் ஒரு விளக்கு எரியும். எடுத்து, யார், என்ன சங்கதி என்று விசாரித்து, "லைன்ல இருங்க" என்று நிறுத்திவைப்பாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும் காலைத் தம்பிக்குக் கை காட்டுவாள். அவர் பேசுவார். ஊர் கேட்கும்.

காலைத் தம்பி என்பது ரேடியோ வைத்த பெயர். மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனுக்குப் பல்லும் முளைத்தாயிற்று. ரேடியோவில் வழுக்கை தெரியாது என்பதால் தம்பியாகவே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் முதலில் எரிவது ஆனா ஐயாவின் விளக்கு. எடுத்த எடுப்பில் அவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பிப்பார். அதற்கப்புறம் வருவதெல்லாம் குறை. தெருவிளக்கு பட்டப்பகலில் எரிகிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளிப்போய் நிற்கிறது. ரொட்டிக்கடையில் ரொட்டியை ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் வெட்டுகிறார்கள். வீட்டுக்குக் கீழே இருக்கும் சலவைக்கடையின் ஷட்டர் காது கிழியக் கத்துகிறது. காலைத் தம்பி அவரோடு மல்லுக்கு நிற்பார். ஊர் பல் தேய்த்துக்கொண்டே சிரிக்கும். முடிவில் ஆனா ஐயா பதிலுக்குக் காத்திராமல் போனை டொக்கென்று வைப்பார். அந்த டொக்கு விழுந்த பிறகுதான் பல வீடுகளில் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

இன்றைக்கு அந்த விளக்கு எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று போன் அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

சங்கதி இதுதான். நேற்று மேலாளர் அம்மா ஒரு யோசனை சொல்லியிருந்தார். தினமும் இந்த மனுஷனின் புலம்பலோடுதான் ஆரம்பிக்க வேண்டுமா, ஒரு நாளைக்கு அவரைக் கடைசியில் எடுத்தால் என்ன என்று. மேலாளர் அம்மா உத்தரவே போடுவதில்லை, யோசனைதான் சொல்வார். அதை யோசனை என்று எடுத்துக்கொண்டவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை. அதனால் போன் அக்கா ஆனா ஐயாவிடம், இன்றைக்கு உங்களைக் கடைசியாக எடுக்கிறோம், லைன்ல இருங்க என்று பக்குவமாகச் சொன்னாள். இருக்கிறேன் அம்மா என்றார் அவர். பிறகு பரிசுப் போட்டி வந்தது. சரியான பதிலுக்குக் குடை என்றதும் ஊரே குடையில்லாமல் நனைந்துகொண்டிருந்தது போலக் கூப்பிட்டது. எடுத்து எடுத்துக் கை ஓய்ந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பாத்திரம் விளக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

இன்று காலை வந்ததும் வராததுமாக, அவளுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிற பெண்ணுக்குப் போன் போட்டு நைசாக விசாரித்தாள். நேற்று மத்தியானம் வரைக்கும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன் என்றாள் அந்தப் பெண்.

மத்தியானம் வரைக்கும். ஒரு மனுஷன். காதில் போனை வைத்துக்கொண்டு.

போன் அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு அவர் கூப்பிட்டதும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தாள். கூப்பிட்டால்தானே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலைத் தம்பி புருவத்தைத் தூக்கினார். எங்கே அவர் என்று அர்த்தம். போன் அக்கா கட்டைவிரலைக் காட்டினாள். வந்துகொண்டே இருக்கிறார் என்று அர்த்தம். இதுதான் அன்றைக்கு அவள் சொன்ன முதல் பொய். வாயைத் திறக்காமல் சொன்னதால் அவளுக்கே அது பொய்யாகத் தெரியவில்லை.

காலைத் தம்பி அதை நம்பி, நம்ம ஆனா ஐயா இதோ வந்துட்டே இருக்காரு என்று ஊருக்கு அறிவித்துவிட்டார்.

போன் அக்கா ஐயாவின் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அடித்தது. ஊரைத் திட்டி முடிக்காமல் வாசற்படி இறங்குகிற மனுஷன் இல்லை அவர்.

அதற்குள் காலைத் தம்பி தவிக்க ஆரம்பித்திருந்தார். அவருக்கு இத்தனை வருஷமாகச் சண்டையில் ஆரம்பித்தே பழக்கம். இன்று கூப்பிட்ட மற்றவர்களெல்லாம் அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார்கள். ஆமாம் போடுகிறவரிடம் என்னத்தைப் பேசுவது. இரண்டாம் தடவையாக வானிலை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது வேறு வழியில்லாமல் கொஞ்சம் மழையையும் சேர்த்துக்கொண்டார்.

போன் அக்கா பக்கத்தில் இருந்த ஒலிக்காரரைப் பார்த்தாள். எந்த நேரத்தில் எந்த விளம்பரம், எந்த இசை என்று பொத்தான்களை அழுத்துகிறவர் அவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆனா ஐயா மாதிரியே பேசிக்காட்டி எல்லோருக்கும் புரையேற வைப்பவரும் அவரே.

"அண்ணே, ஒரே ஒரு நிமிஷம். தாழ்வாரத்து போன்லேர்ந்து ஐயா மாதிரி ரெண்டு வார்த்தை."

"ஏம்மா, என் வேலையும் போகணுமா?"

"என் வேலை மட்டும் போனா நல்லா இருக்குமாண்ணே? கூடப் பொறந்தவளா நினைச்சுக்குங்க."

கூடப் பிறந்தவள் என்றதும் மனுஷன் எழுந்துவிட்டார். தாழ்வாரத்துக்குப் போனார். ஒரு விளக்கு எரிந்தது. காலைத் தம்பியின் முகத்திலும் ஒரு விளக்கு எரிந்தது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா, என்று குரல் கேட்டது. அச்சு அசல் அவரே. சன்னலில் புறா உட்காருவது பற்றிய குறை. உட்காருவதோடு நிற்காமல் அது தன்னையே முறைத்துப் பார்க்கிறதாம். காலைத் தம்பி உற்சாகமாக மல்லுக்கு நின்றார். போன் அக்காவுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

கடைசியில் ஒலிக்காரர் பழக்கதோஷத்தில், "நன்றி தம்பி, நல்லா இருங்க" என்று சொல்லிப் போனை மெதுவாக வைத்தார்.

அவ்வளவுதான். பெட்டியில் இருந்த விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது.

முதலில் ரொட்டிக்கடைக்காரர். "யாருங்க அது? ஆனா ஐயா என்னிக்காவது ஒருத்தரை நல்லா இருன்னு சொல்லியிருக்காரா?"

அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அந்த ஆள் உள்ளுக்குள்ளே சிரித்துக்கொண்டே பேசினார், நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற எனக்கு அது தெரியாதா என்றார். அப்புறம் ஒருவர், டொக்கு எங்கே என்று கேட்டார். டொக்கு விழவில்லை, டொக்கில்லாமல் எப்படி நான் வேலைக்குக் கிளம்புவது என்று நியாயம் கேட்டார். எல்லோரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். ஆனா ஐயாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. நிலையத்தார் அதை மறைக்கிறார்கள்.

காலைத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடி வழியாகப் பரிதாபமாகப் பார்த்தார். போன் அக்கா, அவர் காதில் மட்டும் கேட்கிற பொத்தானை அழுத்தி, "அண்ணே, ஐயாவுக்கு லேசா உடம்பு சரியில்ல. பெரிசா ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க" என்றாள். லேசாகத்தான் சொன்னாள். பொய்யை லேசாகச் சொன்னால் பாவமும் லேசாகத்தான் சேரும் என்று ஒரு நம்பிக்கை.

அவர் சொன்னார். உடனே ஒரு மருத்துவமனை நர்ஸ் கூப்பிட்டு எங்களிடம் வரவில்லையே என்றாள். இன்னொரு மருத்துவமனையிலிருந்தும் அதே பதில். ஒரு டாக்டர், யாரும் கேட்காமலேயே, தொண்டைக்கு வெந்நீர் நல்லது என்றார். எந்த வார்டு, சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்று மூன்று பெண்கள் கேட்டார்கள். காலைத் தம்பி திணறி, வார்டெல்லாம் இல்லை, வீட்டில்தான் படுத்திருக்கிறார், தூங்குகிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சமாளித்தார்.

அப்போது ஒரு விளக்கு எரிந்தது. ஆனா ஐயா வீட்டுக்குக் கீழே சலவைக்கடை வைத்திருப்பவர்.

"தினமும் நான் ஷட்டரைத் தூக்கினா ஐயா மேலேர்ந்து தரையைத் தட்டித் திட்டுவாரு. இன்னிக்குத் தட்டல. எனக்கே ஒரு மாதிரி ஆகி, வேணும்னே மறுபடியும் இறக்கி ஏத்தினேன். அப்பவும் சத்தமே இல்லைங்க."

இதை அவர் போன் அக்காவிடம் தனியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பதற்றத்தில் அவள் நேரே ஒலிபரப்புக்குத் தள்ளிவிட்டிருந்தாள். ஊரே கேட்டது.

காலைத் தம்பி அவசரமாக ஒரு சின்ன இடைவேளை என்று சொல்லிக் கையைக் காட்டினார். பயந்துபோய்த் தாழ்வாரத்திலேயே ஒளிந்திருந்த ஒலிக்காரர் அப்போதுதான் ஓடி வந்திருந்தார். மூச்சு இரைக்க, பார்க்காமலே கையை நீட்டினார். சோப்பு விளம்பரத்தை அழுத்துவதற்குப் பதில் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அந்தப் பொத்தானில் ஒரு புல்லாங்குழல் இசை இருந்தது. பெரிய மனிதர்கள் யாராவது கண்ணை மூடினால் மட்டும் போடுவதற்கென்று வைத்திருந்தது.

குழல் அழுதது. ஒலிக்காரர் பாய்ந்து நிறுத்தினார். நிறுத்தின பிறகு வந்த அமைதி, குழலைவிட மோசமாக இருந்தது. அதற்குப் பின்னால் சோப்பு விளம்பரம் வந்து, அழுக்கெல்லாம் போயே போச்சு என்று பாடியது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் அம்மா வந்தார். நிலையத்தை ஒட்டியிருந்த வீட்டில் தலை துவட்டும்போது ரேடியோ கேட்டிருப்பார் போல. தோளில் துண்டு அப்படியே இருந்தது.

"செத்தது யாரு?"

யாரும் சாகவில்லை, பொத்தான் மாறிவிட்டது என்றார் ஒலிக்காரர். மேலாளர் அம்மா பெட்டியைப் பார்த்தார். அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நேற்று குடை கொடுத்தபோதுகூட இப்படி எரிந்ததில்லை.

"தப்பாப் போட்டுட்டோம்னு இப்பச் சொன்னா ஜனங்க மனசு கஷ்டப்படாதா? பேசறவங்க கொஞ்சம் பேசட்டுமே. யோசனைதான்" என்றார்.

ஆக, பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள்.

பஸ் ஓட்டுநர் ஒருவர் பேசினார். ஐயா சொன்னதிலிருந்து நிறுத்தத்திலேயே சரியாக நிறுத்துகிறேன், ஆனால் அதை அவரிடம் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம் என்றார். பின்னால் பயணிகள் வண்டியை எடுங்கள் என்று சத்தம் போடவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் ரொட்டியை இனிமேல் அளவுகோல் வைத்து வெட்டப்போவதாகச் சொன்னார். தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்கிற மின்சாரக்காரர் ஒருவர் லைனில் வந்தார்.

"அந்த விளக்கை எப்பவோ சரி பண்ணியிருப்பேங்க. பண்ணிட்டா ஐயா அப்புறம் எதைப் பத்திப் பேசுவாருன்னுதான் விட்டு வெச்சேன்."

அடுத்த விளக்கை எடுத்தாள் போன் அக்கா. யார் பேசுறீங்க, என்ன விஷயம் என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"நான்தான்டி."

அவள் வீட்டுக்காரர். வீட்டில் ம் என்பதற்கு மேல் பேசாதவர். அவருக்கும் இரங்கல் சொல்ல வேண்டுமாம். வேறு வழியில்லாமல் லைன்ல இருங்க என்று புருஷனையும் நிறுத்திவைத்தாள். அவர் முறை வந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார். என் மனசில் இருந்ததையெல்லாம் எனக்காகப் பேசியவர் அவர்தான், நான் வீட்டில் பேசினால் எடுபடாது, அவர் ரேடியோவில் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொள்வேன், இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்றார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி இவள் கேட்டதில்லை. கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை.

நேரமில்லை என்பதைவிட, தெம்பில்லை என்பதுதான் சரி. ஒவ்வொருவர் அழும்போதும் அவளுக்கு அந்த ஒற்றை விளக்குதான் கண்ணில் நின்றது. இத்தனை பேர் இத்தனை பாசத்தை வைத்துக்கொண்டு இருக்க, அந்த மனுஷன் ஒரு குரலுக்காக மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார். நிறுத்திவைத்தது அவள்.

"யாராவது போய்ப் பார்க்கணும்மா" என்றாள் மேலாளர் அம்மாவிடம். கேட்டதில் யோசனை எதுவும் இல்லை.

மேலாளர் அம்மாவும் இந்தத் தடவை யோசிக்கவில்லை. கீழே நிலையத்தின் கார் நிற்கும். ஓட்டுநருக்குப் போன் போட்டு, வண்டியைத் தயாராக வை என்று மட்டும் சொன்னார். அவர் துண்டை எடுத்துவிட்டுத் தலையை முடிந்துகொள்வதற்குள் ஊர் முந்திக்கொண்டது.

ஐயாவின் வீடு எங்கே என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பகலில் எரிகிற விளக்கு வரைக்கும் போய், பெயர்ந்த நடைபாதையில் திரும்பி, கத்துகிற ஷட்டருக்குப் பக்கத்தில், ஆடுகிற படியைத் தாண்டி ஏறினால் அவர் கதவு. குறை கேட்டுக் கேட்டே ஊருக்கு வழி மனப்பாடம். கொஞ்ச நேரத்தில் படி நிறைய ஆட்கள். கூட்டத்தில் பூட்டு பழுது பார்க்கிற ஒருவரும் இருந்தார். அவர் கைப்பேசியிலிருந்து நிலையத்தைக் கூப்பிட்டார். காலைத் தம்பி அவரை நிகழ்ச்சியில் எடுத்தார்.

கதவைத் தட்டிப் பார்த்துவிட்டோம், பதில் இல்லை என்றார் பூட்டுக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளே போன் அடிக்குதுங்க. விடாம அடிக்குது. யாரோ எடுக்கச் சொல்லித் துடிக்கிற மாதிரி."

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. போன் அக்கா தன் இடது கையைப் பார்த்தாள். அதில் இன்னொரு போன். அவள்தான் அத்தனை நேரமும் ஐயா வீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். மெல்ல வைத்தாள்.

"நின்னுபோச்சு" என்றார் பூட்டுக்காரர். கூட்டத்தில் யாரோ விசும்புவது கேட்டது.

பூட்டு திறக்கிற சத்தம் ரேடியோவில் துல்லியமாகக் கேட்டது. கதவு முனகியது. காலடிகள். ஒரு நாற்காலி நகர்ந்தது. காலைத் தம்பி இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது விழுந்துவிடும் என்று பயந்த மாதிரி.

"உள்ளே யாரும் இல்லைங்க" என்றார் பூட்டுக்காரர். "படுக்கை மடிச்சிருக்கு. டம்ளர் கழுவிக் கவுத்திருக்கு. சன்னல் சாத்தியிருக்கு. எல்லாம் அவ்வளவு சுத்தமா..."

பின்னாலிருந்து சலவைக்கடைக்காரரின் குரல் வந்தது. நேற்றுச் சாயங்காலம் ஐயா ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தார், விசேஷமா என்று கேட்டேன், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார், சட்டையில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்றார்.

குறை சொல்லவில்லை என்றதும்தான் எல்லோருக்கும் பகீரென்றது.

போன் அக்கா எழுந்தாள். நிகழ்ச்சி நடக்கும்போது அந்தக் கண்ணாடிக் கதவை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. இன்று திறந்தாள். காலைத் தம்பிக்கு எதிரில், விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். அவள் குரலை ஊர் அதுவரை போனில்தான் கேட்டிருந்தது.

"நான் போன் எடுக்கறவ பேசறேன். தப்பு என்னோடது. நேத்து ஐயாவை லைன்ல இருங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு மறந்துட்டேன். மத்தியானம் வரைக்கும் காத்திருந்தாராம். உடம்பு சரியில்லன்னது நான் சொன்ன பொய். புறாவைப் பத்திப் பேசினது ஐயா இல்ல, அதுவும் என் வேலைதான்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "ஐயா, எங்க இருந்தாலும் ஒரு தடவை கூப்பிடுங்க. என்னைத் திட்டறதுக்காவது கூப்பிடுங்க. இந்தத் தடவை முதல்ல உங்களைத்தான் எடுப்பேன். மத்தவங்க எல்லாரும் தயவு பண்ணி போனை வெச்சுடுங்க. அவர் கூப்பிட்டா லைன் கிடைக்கணும்."

பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக ஒரே ஒரு விளக்கு மட்டும் கொஞ்சம் தயங்கியது. அது அவள் வீட்டுக்காரருடையது. அதுவும் அணைந்தது.

ரேடியோவில் பேச்சில்லாமல் இருப்பது பெரிய குற்றம். கடிகார முள் கொஞ்சம் நகர்ந்தாலே மேலாளர் அம்மா எங்கிருந்தாலும் ஓடி வருவார். இன்று அங்கேயே நின்றார். காலைத் தம்பி வானிலை சொல்லவில்லை. ஒலிக்காரர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், தவறிக்கூட எந்தப் பொத்தானிலும் படக்கூடாது என்று.

ஊரிலும் அப்படித்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றது நின்றபடி இருந்ததாம். ரொட்டிக்கடையில் கத்தி பாதி ரொட்டியில் நின்றதாம். மேசைமேல், மடிமேல், கைக்குள் என்று எல்லோரிடமும் ஒரு போன் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அத்தனை காதும் ஒரே ரேடியோவில் இருந்தது. ரேடியோவில் ஒன்றுமே இல்லை.

போன் அக்கா நாற்காலியிலிருந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் விளக்கு கறுப்பாக இருந்தது. மற்ற விளக்குகளும் கறுப்பு. ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று காத்திருக்கிறவளுக்குத்தான் தெரியும். காத்திருக்க வைத்தவளுக்கு அது இன்றைக்குத் தெரிந்தது.

கதவு மெதுவாகத் திறந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நிலையத்தின் கார் ஓட்டுநர். சாவி விரலில் தொங்கியது.

வண்டி தயாராகி ரொம்ப நேரமாச்சு, அம்மா வருவீங்களா மாட்டீங்களா, எங்கே போகணும் என்று கேட்டார்.

"ஆனா ஐயாவைத் தேடத்தான்" என்றார் மேலாளர் அம்மா. அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, கார்ல சும்மா உட்கார்ந்திருக்க முடியாம ரேடியோவுல நம்ம போட்டி ஸ்டேஷனை வெச்சுட்டேன், அங்க இன்னிக்குக் காலையிலேர்ந்து புது நிகழ்ச்சி நடத்தறதே நம்ம ஆனா ஐயாதான், நேத்து இங்க காத்திருந்து அலுத்துப்போய் அங்க கூப்பிட்டாராம், அவங்க வேலையே குடுத்துட்டாங்களாம், பாவம் மனுஷன், முதல் நாளும் அதுவுமா ஊர்லேர்ந்து ஒரு போன்கூட வரலையேன்னு அழாத குறையாப் பேசிட்டிருக்காரு, நீங்க எல்லாரும்தான் இங்க வேலையில்லாம உட்கார்ந்திருக்கீங்களே, புண்ணியமாப் போகும், அவருக்கு ஒரு போன் போடக்கூடாதா?"